5,000 ரூபாய் பாலிஷ் மெஷினில் 1200 வாட் இருக்கிறதா?

பாலிஷ் பித்தன்:
ஒரு வீடியோ பார்த்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ஐயாயிரம் ரூபாய்க்குள் கார் பாலிஷ் மெஷின் வாங்குவதானால் 1200 வாட் ரோட்டரிதான் வாங்க வேண்டுமாம். 700 வாட் டூயல் ஆக்‌ஷன் எல்லாம் கொஞ்சம் அழுத்தினாலே நின்றுவிடும் பொம்மையாம். முதல் முறை மெஷின் பிடிப்பவன் கையில் ரோட்டரியைக் கொடுக்கலாமா? கம்பெனி பெயிண்டின் மேல் இருக்கும் கிளியர் கோட் சுமார் 40, 50 மைக்ரான்தான், தலைமுடியை விட மெலிசு. ரோட்டரியில் பாலிஷ் தேய்க்கும் பேட் ஒரே அச்சில் சுற்றும், ஒரு இடத்தில் நின்றால் சூடு அங்கேயே ஏறும். டூயல் ஆக்‌ஷனில் பேட் சுற்றிக்கொண்டே ஆடவும் செய்யும், சூடு பரவிவிடும்.

அப்புறம் அந்த 1200 வாட். நண்பர் வாங்கிய ரோட்டரியில் கிளாம்ப் மீட்டர் (வயரைக் கவ்விக் கரண்டை அளக்கும் மீட்டர்) போட்டுப் பார்த்தேன். 2.1 ஆம்பியர். 230 வோல்ட்டால் பெருக்கினால் 483. பெட்டியில் 1200 என்று அச்சடித்திருக்கிறார்கள். மீதி 717 வாட் எங்கே?

கோவை மோட்டார்:
மெஷினை எதன் மேல் வைத்து அளந்தீர்கள்?

பாலிஷ் பித்தன்:
கையில் பிடித்துக்கொண்டு. வேகம் ஆறாம் நம்பரில்.

கோவை மோட்டார்:
அப்படியென்றால் நீங்கள் அளந்தது காற்றில் சுற்றிய மெஷினை. லோடு இல்லாத மோட்டார் குறைவாகத்தான் இழுக்கும். வெட் கிரைண்டரில் அரிசி போடாமல் ஓடவிட்டு, கரண்ட் குறைகிறது, கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சொல்வீர்களா? 22 வருடமாக மோட்டாருக்குக் காயில் கட்டுகிறேன். பானட்டில் பேடை வைத்து, காம்பவுண்ட் (பாலிஷ் பசை) போட்டு, அழுத்தி ஓட்டி அளந்து போடுங்கள். அதன் பிறகு 717 வாட்டைத் தேடலாம்.

நெல்லை ஆல்டோ:
அண்ணன்களுக்கு வணக்கம். என்னிடம் இருப்பது எட்டு வருடம் ஓடிய ஆல்டோ, வெள்ளை. பட்ஜெட் ஐயாயிரம், பேடு காம்பவுண்ட் எல்லாம் சேர்த்து. எது வாங்கலாம்?

ஈபி ஓய்வு:
கோவை மோட்டார் அவர்களே, உதாரணம் தவறு. வெட் கிரைண்டரில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். பாலிஷரில் இருப்பது கார்பன் பிரஷ் வைத்த யுனிவர்சல் மோட்டார். மிக்ஸியைச் சொல்லியிருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பேன். பித்தன் அவர்களே, உங்கள் மீட்டர் ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டரா? வேகத்தைக் குறைக்கும் சர்க்யூட் கரண்ட் அலையை வெட்டித்தான் அனுப்பும். சாதாரண மீட்டர் அதைச் சரியாகக் காட்டாது.

பாலிஷ் பித்தன்:
ஆறாம் நம்பர் என்று எழுதியிருக்கிறேனே ஐயா. முழு வேகம். அங்கே அலை வெட்டுவது ஒன்றும் பெரிதாக இருக்காது. 2.1 என்றால் 2.1தான்.

கோவை மோட்டார்:
2.1 காற்றில். லோடு கொடுத்து அளந்து போடுங்கள்.

ஈபி ஐயா, கோயம்புத்தூர்க்காரனுக்கு வெட் கிரைண்டர் பாடம் எடுக்காதீர்கள். புவிசார் குறியீடு வாங்கிய கிரைண்டர் எங்கள் ஊருடையது. இண்டக்‌ஷன் எது, யுனிவர்சல் எது என்று எனக்குத் தெரியும். படிப்பவர்களுக்குப் புரியட்டும் என்று வீட்டில் இருக்கும் சாமானைச் சொன்னேன்.

ஈபி ஓய்வு:
புரியட்டும் என்று தவறாகச் சொல்லக் கூடாது. போன வருடம் டயருக்கு நைட்ரஜன் அடிப்பது பற்றிய விவாதத்திலும் இதையே செய்தீர்கள்.

கோவை மோட்டார்:
நைட்ரஜன் விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி. அங்கேயும் பதில் சொல்ல முடியாமல் போனது நீங்கள்தான்.

கறுப்பு சிட்டி:
வாட் கணக்கு எனக்குத் தெரியாது. என் காருக்கு நடந்ததைச் சொல்கிறேன். கறுப்பு ஹோண்டா சிட்டி. ஒரு கடையில் ரோட்டரி போட்டார்கள். எடுக்கும்போது கண்ணாடி மாதிரி பளபளத்தது. இரவு பெட்ரோல் பங்கில் எல்இடி வெளிச்சத்தில் நிறுத்தினேன், பானட் முழுக்க ஹோலோகிராம், மீன் செதில் மாதிரி வட்டம் வட்டமாக. பானட்டின் மடிப்பு ஓரத்தில் விரல் அளவுக்குக் கிளியர் கோட்டே போய் மங்கலாகிவிட்டது. அந்த ஒரு விரல் இடத்துக்காக முழு பானட்டையும் மறுபடி பெயிண்ட் அடிக்க வேண்டியதாகிவிட்டது. இன்றும் அந்த இடத்தைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

கோவை மோட்டார்:
அது மெஷின் தப்பில்லை, கை தப்பு. ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டியிருக்க வேண்டும். மடிப்பில் பேடை வைக்கவே கூடாது.

பெயிண்ட் பூத் மதுரை:
கை தப்பு என்று அவர் சொன்னது ரொம்பச் சரி. தினமும் ரோட்டரி பிடிக்கிறேன். பெயிண்ட் அடித்து 2000 நம்பர் வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்த பிறகு அந்தக் கோடு எடுக்க ரோட்டரிதான் வேண்டும். பேட் 8 மில்லிமீட்டர் மட்டுமே ஆடும் மலிவு டூயல் ஆக்‌ஷனை வைத்து அதை எடுக்கச் சொன்னால் சாயங்காலம் வரை நிற்க வேண்டும். ஆனால் பம்பரில் நானே பயந்துதான் வைப்பேன். பிளாஸ்டிக்கில் சூடு பரவாது, அங்கேயே தேங்கும். பெயிண்ட் சட்டென்று போய்விடும்.

பாலிஷ் பித்தன்:
மதுரை அண்ணனே பயந்து வைக்கும் மெஷினை, வீட்டு வாசலில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பாலிஷ் போடுபவன் எப்படிப் பிடிப்பான்? நான் கேட்பது இதுதான்.

டூயல் ஆக்‌ஷன் நின்றுவிடும் என்பவர்கள் ஒன்று செய்யுங்கள். பேட் ஒட்டும் தட்டான பேக்கிங் பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். ஓட்டும்போது கோடு சுற்றுவது தெரிந்தால் பேட் சுற்றுகிறது. கோடு நின்றால் நீங்கள் அதிகமாக அழுத்துகிறீர்கள், அல்லது பேடைச் சாய்த்துப் பிடிக்கிறீர்கள். கையைத் தளர்த்தினால் மறுபடி சுற்றும். ஆறு அங்குல பிளேட்டை எடுத்துவிட்டு ஐந்து அங்குலம் போட்டால் சின்ன மோட்டாருக்கே போதும். இரண்டடிக்கு இரண்டடி இடம், நிழலில், குறுக்கும் நெடுக்குமாக நான்கு முறை. எத்தனையோ கார் இப்படிச் செய்துவிட்டேன். ஒன்றிலும் பெயிண்ட் போனதில்லை.

கோவை மோட்டார்:
கோடு நிற்கும் என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். வீடியோக்காரர் சொன்னதும் அதுதானே? 700 வாட் போதாமல்தான் நிற்கிறது.

பாலிஷ் பித்தன்:
வாட் போதாமல் நிற்பதில்லை! அந்த ஸ்பிண்டில் கியரோடு கட்டப்படவில்லை, பேரிங்கில் தானாகச் சுற்றுகிறது. மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருக்கும், பேட் மட்டும் நிற்கும். அதுதான் அதன் பாதுகாப்பு. மோட்டார் கடைக்காரர் இதைத் தெரிந்துகொள்ளாமல் பேசலாமா? வாட் வாட் என்று கத்துகிறீர்களே, உங்கள் 1200 வாட்டில் 717ஐக் காணோம்.

கோவை மோட்டார்:
காற்றில் காணோம். லோடு கொடுத்து அளந்து போடுங்கள். மூன்றாவது முறையாகக் கேட்கிறேன்.

கியரோடு கட்டிய டூயல் ஆக்‌ஷனும் இருக்கிறது. ஃபிளெக்ஸ் கம்பெனியின் 3401 மாடல். எவ்வளவு அழுத்தினாலும் நிற்காது. ஆக எல்லா டூயல் ஆக்‌ஷனும் ஒன்றில்லை. முதலில் அதைச் சொல்லுங்கள்.

பாலிஷ் பித்தன்:
ஐயாயிரத்தில் ஃபிளெக்ஸ் எங்கே கிடைக்கிறது? முகவரி கொடுங்கள், நாளைக்கே போய் வாங்குகிறேன். இத்தாலிக்கார ரூபஸில் 15, 21 மில்லிமீட்டர் ஆட்டம் வருகிறது, அதையும் இழுத்துக்கொண்டு வாருங்கள். தலைப்பே ஐயாயிரம் பற்றித்தான்.

நெல்லை ஆல்டோ:
அண்ணா, என் தம்பியிடம் நாலு அங்குல ஆங்கிள் கிரைண்டர் இருக்கிறது. அதில் பேட் மாட்டிக்கொள்ளலாமா? செலவு மிச்சமாகும் என்று கேட்கிறேன்.

பெயிண்ட் பூத் மதுரை:
வேண்டவே வேண்டாம் தம்பி. அது நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும். பாலிஷ் ரோட்டரியே 3000 பக்கம்தான் ஓடுகிறது. பெயிண்டும் போகும், பேடும் பிய்ந்து முகத்தில் அடிக்கும்.

ஈபி ஓய்வு:
வேகக் கட்டுப்பாடு உள்ள கிரைண்டர்களும் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும்.

பெயிண்ட் பூத் மதுரை:
ஐயா, அந்தத் தம்பி கேட்டது வீட்டில் கிடக்கும் சாதாரண கிரைண்டரை. நீங்கள் ஒன்று சொல்லி அவன் காரைக் கெடுத்துவிடாதீர்கள்.

கறுப்பு சிட்டி:
கை தப்பு என்று எழுதியதை மறக்க மாட்டேன். பானட்டுக்குப் பணம் கட்டியது நான். டேப் ஒட்டாமல் போட்டால் பெயிண்ட் போய்விடும் என்ற மெஷினை வாங்கச் சொல்லிப் பரிந்து பேசுகிறார்.

கோவை மோட்டார்:
உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் கத்தி வெட்டியது என்று கத்தியைத் திட்டக் கூடாது. என்னிடம் இருக்கும் ரோட்டரி ஆறு வருடமாக ஓடுகிறது. கார்பன் பிரஷ் இரண்டு முறை மாற்றினேன். பக்கத்துக் கடையிலேயே கிடைக்கிறது. ஆர்மேச்சர் போனால் நானே கட்டிக்கொள்வேன். இந்த மலிவு டூயல் ஆக்‌ஷனில் பேரிங் போனால் எந்தக் கடையில் பாகம் கிடைக்கும்? அதை யாரும் பேசுவதில்லை.

பாலிஷ் பித்தன்:
பேரிங் நம்பர் அதன் மேலேயே அச்சடித்திருக்கும். எந்த பேரிங் கடையிலும் கேட்டு வாங்கலாம். நான் வாங்கி மாட்டியிருக்கிறேன்.

கோவை மோட்டார்:
சரி, பேரிங் இருக்கட்டும். லோடு கொடுத்து அளந்தீர்களா?

பாலிஷ் பித்தன்:
நண்பர் ஊரில் இல்லை. மெஷின் அவரிடம்தான் இருக்கிறது. வந்ததும் அளக்கிறேன். 1200 வராது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கோவை மோட்டார்:
வந்தால் மன்னிப்புக் கேட்பீர்களா?

பாலிஷ் பித்தன்:
வராவிட்டால் நீங்கள் கேட்பீர்களா?

ஈபி ஓய்வு:
அளக்கும்போது வோல்ட்டேஜையும் சேர்த்து அளக்கவும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் போட்டிருந்தால் மெஷினுக்கு 230 வந்து சேராது. அந்த 483 என்ற கணக்கே அதனால் சந்தேகத்துக்குரியது.

கோவை மோட்டார்:
இதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன்.

ஈபி ஓய்வு:
நீங்கள் சொன்னது லோடு. நான் சொன்னது வோல்ட்டேஜ். இரண்டும் வேறு.

நெல்லை ஆல்டோ:
அண்ணா, ஆல்டோவுக்கு எது வாங்குவது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

பாலிஷ் பித்தன்:
டூயல் ஆக்‌ஷன்.

கோவை மோட்டார்:
ரோட்டரி. டேப் ஒட்டிக்கொள்.