தாவரவியலில் ‘ஸ்ட்ரெஸ்’: தமிழில் என்ன எழுதலாம்?

கல்லூரி மாணவர்களுக்கான கலைச்சொல் தொகுப்பு ஒன்றை மதுரையில் மூன்று மாதங்களாகத் தயாரித்து வரும் நான், ‘ஸ்ட்ரெஸ்’ என்ற ஒரே சொல்லில் இரண்டு வாரமாக நிற்கிறேன். இயற்பியலில் ‘ஸ்ட்ரெஸ்’ என்பது, உருமாறும் பொருளுக்குள் ஓரலகுப் பரப்பில் செயல்படும் விசை; அதைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் தகைவு என்கின்றன. அங்கே அழுத்தம் என்று எழுதினால், அதே பாஸ்கல் அலகில் அளக்கப்படும் ‘பிரஷர்’ என்பதோடு குழம்பிவிடும். உளவியலில் மன அழுத்தம் வேரூன்றிவிட்டது. ‘டிப்ரெஷன்’ என்பதற்கும் பலர் அதையே எழுதுவது வருந்தத்தக்கது.

தாவரவியலில்தான் வழி தெரியவில்லை. நீரின்றி இலை சுருண்டு நிற்கும் நெற்பயிரின் நிலைக்கு ‘பாதிப்பு’ என்று எழுதிப் பார்த்தேன்; அது விளைவைச் சொல்கிறதே தவிர, பயிரை நெருக்கும் காரணத்தைச் சொல்லவில்லை. ‘நெருக்கடி’ பொருளாதாரச் செய்தி போல ஒலிக்கிறது. மொழிபெயர்ப்புச் செயலியோ ‘தாவர மன அழுத்தம்’ என்று தருகிறது. வறட்சி, உவர்மண், குளிர் ஆகிய மூன்றோடும் இயல்பாக ஒட்டிவரும் ஒரே தமிழ்ச்சொல் எது?