அம்மாவின் உளிக்கு ஏற்ற கண்ணாடி

சுங்கை சிப்புட் வாசகி:

அம்மாவுக்கு அப்போது 44 வயது. இருபது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர் (ரப்பர் மரப்பட்டையை உளியால் சீவிப் பால் இறக்கும் வேலை), திடீரென்று மரங்களைக் காயப்படுத்தத் தொடங்கினார். உளி சற்று ஆழமாக இறங்கினாலே போதும், பட்டை மீண்டும் வளரும்போது முடிச்சுமுடிச்சாகிவிடும். பெரட்டில், அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், எல்லார் முன்னிலையிலும் கங்காணி திட்டினார். அன்றிரவு அம்மா சாப்பிடவில்லை. கைதான் தவறுகிறது என்று அவரும் நம்பினார்.

எனக்கு 200 பவர் கிட்டப்பார்வை. அரை மீட்டருக்கு அப்பால் எல்லாம் மங்கல். என் கண்ணாடியை அம்மா மாட்டிப் பார்த்தார். பட்டை இன்னும் கலங்கியது. கலங்கத்தான் செய்யும். கிட்டப்பார்வைக்கான குழிலென்ஸ், அம்மாவின் கண் ஏற்கெனவே திணறிய வேலையை மேலும் கூட்டிவிட்டது. அவருக்கு வந்தது வெள்ளெழுத்து. நாற்பதை ஒட்டி, கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகிப்போய், அருகில் பார்க்க வளைந்து கொடுக்காது. எல்லாருக்கும் வருவதுதான். இதை எடுத்துச் சொல்ல ஆளில்லாமல் எட்டு மாதம் வசவு வாங்கினாரே என்பது எனக்கு இன்றும் ஆறவில்லை.

டவுனில் முதலில் பைஃபோகல் கொடுத்தார்கள். அதில் கீழ்ப்பகுதி வழியாகத்தான் அருகில் உள்ளது தெளியும். அம்மாவின் நிரையிலோ (அவர் வெட்டும் மர வரிசையில்) புதுவெட்டு, கண் மட்டத்தில்! அண்ணாந்து அண்ணாந்து வெட்டிக் கழுத்து பிடித்துக்கொண்டது. சரிவில் இறங்கும்போது கால் வைக்கும் இடம் கலங்கி, ஒருநாள் விழுந்தும்விட்டார்.

மறுமுறை உளியையே துணியில் சுற்றிக் கொண்டுபோனேன். வெட்டும்போது நிற்பதுபோல் அம்மாவை நிற்கவைத்து, கண்ணுக்கும் உளிமுனைக்கும் உள்ள தூரத்தை அளந்தார்கள். அந்தத் தூரத்துக்கு மட்டும் ஒரு கண்ணாடி. கயிறு கட்டிக் கழுத்தில் போட்டுக்கொள்வார். மரத்தருகே மாட்டுவார், நடக்கும்போது இறக்கிவிடுவார். கண் சோதனைக்குப் போகிறவர்களே, நீங்கள் செய்யும் வேலையைத் தயவுசெய்து சொல்லுங்கள். பெரும்பாலும் புத்தகம் பிடிக்கும் தூரத்துக்குத்தான் பார்ப்பார்கள்.

செம்பனை லோரி ஓட்டுநர், கோலகங்சார்:

எனக்குக் கிட்டப்பார்வை 250, அதோடு சிலிண்டரும் உண்டு. கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இல்லையாம். கண்ணாடி இல்லாவிட்டால், இரவில் எதிரே வரும் விளக்கு கோடுகோடாக நீளும். ஃபிரேம் கோணினாலும் பார்வை கெடும், ஏனென்றால் சிலிண்டர் லென்ஸ் சரியான கோணத்தில் நிற்க வேண்டும்.

கிட்டப்பார்வையைச் சரிசெய்யக் கண்ணுக்கு லேசர் சிகிச்சை செய்துகொள்ளலாமா என்று கேட்டேன். வயது 46. இப்போது கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் ஆலையின் எடைச்சீட்டைப் படிக்கிறேன். லேசருக்குப் பிறகு சாலை தெளியும், ஆனால் சீட்டுப் படிக்கக் கண்ணாடி வேண்டியிருக்கும் என்றார் மருத்துவர். இன்னும் முடிவு செய்யவில்லை. உங்கள் அம்மாவின் உளியைப் பற்றிப் படித்த பிறகு, அடுத்த சோதனைக்கு எடைச்சீட்டு ஒன்றைப் பையில் எடுத்து வைத்துவிட்டேன்.