உதவி: இலங்கை 2 சதம், ரப்பர் பால் எடுக்கும் படம், எந்த ஆண்டு?

முருங்கையடி:
இலங்கைத் தபால்தலை ஒன்று கையில் இருக்கிறது. 2 சதம். ரப்பர் மரத்தில் பால் எடுக்கும் படம், கூடவே மன்னர் தலை. ஒருவர் 1935 என்கிறார், இன்னொருவர் 1938 என்கிறார். இதில் அரிய வகை ஒன்று உண்டாமே, அதுதானா இது? இன்று மாலைக்குள் ஒருவருக்குப் பதில் சொல்ல வேண்டும். அவசரம்.

பனையோலை:
எந்த மன்னர்? தாடி இருக்கிறதா, மழித்த முகமா? தாடி என்றால் ஐந்தாம் ஜார்ஜ், 1935 வரிசை. மழித்த முகம் என்றால் ஆறாம் ஜார்ஜ், 1938இல் தொடங்கிய வரிசை. படம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. பயன்படுத்தியதா, புதியதா என்பதையும் சொல்லுங்கள்.

அலைகடல்:
மழித்த முகம் என்றால் எட்டாம் எட்வர்டாகவும் இருக்கலாமே? அவரும் 1936இல் மன்னராக இருந்தார்.

பனையோலை:
இருந்தார், ஆனால் அவர் தலையோடு இலங்கைக்குத் தபால்தலை வரவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் முடியையே துறந்துவிட்டார்.

பழந்தாள்:
நீர்க்குறி, அதாவது தாளுக்குள் மறைந்திருக்கும் குறி, பார்க்காமல் ஆண்டு கேட்பவர்களைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது. தபால்தலையைக் கவிழ்த்துக் கருப்புத் தட்டில் வைத்து, இரண்டு சொட்டு பென்சைன் (benzine) விட்டுப் பாருங்கள். சேகரிப்பின் முதல் பாடம் இது. அதற்குப் பிறகு கேள்வி கேட்கலாம்.

செம்மண்:
ஐயா, முதல் பாடம் சரிதான், இந்தத் தபால்தலைக்கு அது உதவாது. ஐந்தாம் ஜார்ஜ் வரிசை, ஆறாம் ஜார்ஜ் வரிசை இரண்டுக்கும் ஒரே எழுத்து வடிவ நீர்க்குறிதான். பென்சைன் ஊற்றினால் மூக்குத்தான் எரியும். இங்கே பார்க்க வேண்டியது துளையளவு. தம்பி, 2 செ.மீ. நீளத்தில் எத்தனை துளை? மேல் விளிம்பைத் தனியாக, பக்க விளிம்பைத் தனியாக எண்ணுங்கள்.

முருங்கையடி:
மழித்த முகம். கருப்பும் சிவப்பும். பயன்படுத்தியது. அளவுகோல் வைத்து எண்ணினேன், மேலே 12, பக்கத்தில் 12.

செம்மண்:
நான்கு பக்கமும் 12 என்றால் 1949 அச்சு. நீங்கள் கேட்ட அரிய வகை 13½ × 13, அதாவது மேலே 13½, பக்கத்தில் 13; அது புதிய நிலையில் இருந்தால்தான் விலை. உங்களுடையது அது இல்லை.

அலைகடல்:
1949ஆ? 1948 பிப்ரவரி 4ஆம் தேதியே இலங்கை விடுதலை பெற்றுவிட்டது. விடுதலை பெற்ற நாடு எதற்காக லண்டன் மன்னரின் தலையை அச்சிட வேண்டும்?

பனையோலை:
விடுதலை பெற்றது, குடியரசு ஆகவில்லை. டொமினியனாக இருந்த நாட்டுக்கு மன்னரே தலைவர். குடியரசானது 1972 மே 22இல்.

அலைகடல்:
சட்டத்தில் அப்படி இருக்கலாம். பழைய தாள் மிச்சம் இருந்ததால் விற்றார்கள் என்று சொல்லுங்கள், ஏற்கிறேன். புதிதாக அச்சிட்டார்கள் என்பதை நம்ப முடியவில்லை.

பனையோலை:
மிச்சத் தாளுக்குப் புதிய துளையளவு எங்கிருந்து வரும்?

பழந்தாள்:
அரசியல் வகுப்பு முடிந்ததா? அளவுகோல் வைத்துத் துளை எண்ணுகிறவருக்கு நீங்கள் 1949 என்று தீர்ப்பே எழுதிவிட்டீர்கள். அளவுகோலின் சுழியில் நிற்கும் துளையையும் ஒன்று என்று எண்ணினால் கணக்கு ஒன்று கூடும். துளைமானி என்று ஒரு கருவி இருக்கிறது, தேநீர் விலைக்குக் கிடைக்கும்.

செம்மண்:
சொன்ன விதம் எப்படியோ, சொன்னதில் நியாயம் இருக்கிறது. 11½ஐ 12 என்று எண்ணிவிடுவது மிக எளிது. இதே 2 சதத்துக்கு 1944இல் 11 × 11½ என்றும் ஓர் அச்சு உண்டு. தபால் முத்திரையில் தேதி ஏதாவது தெரிகிறதா?

முருங்கையடி:
பாதி வட்டம்தான் விழுந்திருக்கிறது. ஊர்ப் பெயர் இல்லை. கீழே 46 என்று தெளிவாகத் தெரிகிறது. உறையிலிருந்து நான்தான் நனைத்துப் பிரித்தேன்.

செம்மண்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! 1946இல் தபாலில் போன தலை 1949இல் அச்சாகியிருக்க முடியாது. 12 கிடையாது. 11 × 11½ ஆக இருக்கவே வாய்ப்பு அதிகம். துளைமானியில் பொருத்திப் பாருங்கள், பற்கள் கோட்டோடு முழு நீளத்துக்கும் ஒட்டி நிற்க வேண்டும்.

பழந்தாள்:
உறையிலிருந்து பிரித்தாரா? அந்த 46ஐத் தாங்கிய முழு வட்டமும் ஊர்ப் பெயரும் உறையில் இருந்திருக்கும். 2 சதத் தலையைவிட உறைக்கு மதிப்பு அதிகம். இப்படி எத்தனை உறைகள் குப்பைக்குப் போயினவோ.

பனையோலை:
எல்லா உறையையும் அப்படியே வைத்துக்கொள்ள எல்லாருக்கும் வீட்டில் இடம் இருக்காது. கிழிந்த உறையிலிருந்து பிரிப்பதில் தவறில்லை. முத்திரை விழுந்த பகுதியோடு சேர்த்து வெட்டி வைத்தாலும் போதும்.

பழந்தாள்:
வெட்டுவது இன்னும் மோசம்.

அலைகடல்:
1949இல் மன்னர் தலை அச்சிட்டதற்கு வேறு மதிப்பிலும் சான்று இருக்கிறதா?

முருங்கையடி:
துளைமானி கிடைத்தது. மேலே 11, பக்கத்தில் 11½. நன்றி செம்மண் அண்ணா. 20 சதத்தின் மேல் 3 சதம் என்று மேலச்சு அடித்த ஒன்றும் இருக்கிறது, அதைத் தனியாகக் கேட்கிறேன்.

செம்மண்:
அது 1940. துளையளவு, முத்திரைத் தேதி, முன்பக்கப் படம், பின்பக்கப் படம் நான்கையும் முதல் பதிவிலேயே போடுங்கள்.

பழந்தாள்:
உறையில் இருந்தால் நனைக்காதீர்கள்.