"தலைமுறைச் சாபம்" என்று உங்கள் வீட்டில் யாராவது ஜெபித்திருக்கிறார்களா?

சிப்புட்காரன்:
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், அப்பா போனபிறகு சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) பணத்தில்தான் வீடு ஓடுகிறது. தம்பிக்கு வலிப்பு நிற்கவில்லை என்று சபை மூப்பர் ஜெபிக்க வந்தார். வந்ததும் தாத்தாவைப் பற்றித்தான் விசாரணை. தாத்தா மண்டோர் (கங்காணி), முனியாண்டி கோயிலில் கிடா வெட்டியவர், தோட்டத்துக்கே தெரியும். "அந்த இரத்தம்தாம்மா பையனைப் பிடிச்சிருக்கு, மூணாம் தலைமுறை" என்று பைபிளில் யாத்திராகமம் 20-ஐத் திறந்தார்.

அதைக்கூட விட்டுவிடலாம். அம்மா தலையில் கை வைக்கக் குனிந்தபோது அவர் சட்டைப் பையிலிருந்து ரப்பர் பேண்டு போட்ட பேங்க் கார்டுக் கட்டு பாதி வெளியே வந்தது. மேலே இருந்தது அம்மாவுடையது, தங்கச்சி அடையாளத்துக்கு வைத்த நகச்சாயப் பொட்டோடு. அப்பா அடக்கத்துக்கு மூப்பரிடம் வாங்கிய கடனுக்கு அடமானம். மாசா மாசம் அவரே பணம் எடுத்து, வட்டி போக மீதியைத் தருவார். அம்மா கண்ணை மூடி ஆமென் சொல்லிக்கொண்டிருந்தார். மூப்பர் ஒரு கையால் கட்டை உள்ளே தள்ளினார், ஜெபம் நிற்கவே இல்லை.

செராய் பொண்ணு:
எனக்குக் கரு கலைந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம், மாமியார் கூட்டிவந்த சிஸ்டர் ஒரு ஃபாரம் நீட்டினார். முன்னோர் பாவங்கள், அப்பா வழி, அம்மா வழி. கள்ளு, சூனியம், குறி கேட்டது, எல்லாவற்றுக்கும் டிக் போட வேண்டும். வட்டிக்கு விட்டதற்கு மட்டும் கட்டம் இல்லை!

தாசன்:
ஒரு மூப்பர் சரியில்லை என்பதற்காக ஆதாமிடமிருந்து வரும் ஜென்மப் பாவமே இல்லை என்று ஆகிவிடாது. ரோமர் 5:12 படியுங்கள். எங்கள் தாத்தாவும் பூசாரிதான், எங்களை யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

செம்பனை:
தாசன் பிரதர், ஜென்மப் பாவத்தை இங்கே யார் இழுத்தது? ஆதாம் கணக்கில் அந்த மூப்பரும்தான் வருகிறார். தாத்தா கணக்கு மட்டும் ஏன் தோட்டத் தொழிலாளியின் லயத்து வீட்டுக்கே வருகிறது? யாத்திராகமம் 20:5-இல் "என்னைப் பகைக்கிறவர்கள்" என்று இருப்பதை யாரும் வாசிப்பதில்லை. அடுத்த வசனத்தில் இரக்கம் ஆயிரம் தலைமுறைக்கு. அப்பன் திராட்சக்காய் தின்றால் பிள்ளைக்குப் பல் கூசும் என்கிற பழமொழியை இனி சொல்லாதீர்கள் என்று எசேக்கியேல் 18-இல் கர்த்தரே சொல்லிவிட்டார். பிறவிக் குருடனைக் காட்டி "யார் செய்த பாவம்?" என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் இல்லை, பெற்றவர்களும் இல்லை என்றார் இயேசு (யோவான் 9). அவர் கடிந்துகொண்டது யாரை? மாற்கு 12:40. நீண்ட ஜெபம் பண்ணி விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்களை. எங்கள் தோட்டத்திலும் ஒருவர் இருந்தார். காணிக்கைப் பையும் கடன் நோட்டும் ஒரே கையில்.

கங்சார் அக்கா:
வசனம் இருக்கட்டும். தம்பி, அம்மாவை ஐசியோடு (அடையாள அட்டை) பேங்குக்குக் கூட்டிப்போ. பழைய கார்டை நிறுத்திவிட்டுப் புதுக் கார்டு, புது பின் நம்பர் வாங்கு. இதுவரை எவ்வளவு அடைந்திருக்கிறது என்று மூப்பரிடம் எழுதிக் கேள். உன் தம்பியின் மாத்திரையை மட்டும் விட்டுவிடாதே. ஜெபித்தாச்சு என்று என் நாத்தனார் வீட்டில் நிறுத்தினார்கள், வலிப்பு இன்னும் மோசமானது. திடீரென்று நிறுத்தவே கூடாது.

சிப்புட்காரன்:
மாத்திரை கொடுக்கிறோம் அக்கா. புதுக் கார்டுக்குத்தான் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "ஊழியக்காரரைப் பகைச்சுக்கிட்டா அது உன் பிள்ளைங்க தலையிலதான்டா விடியும்" என்கிறார்.