குழுப் படம் எடுக்கும்போது மட்டும் லென்ஸ் தொடர்புக் கோளாறு: துடைத்துப் பார்த்தும் தீரவில்லை

பாளைப் படக்காரர் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு கல்யாண வீடுகளுக்குப் படம் எடுத்து வருகிறேன். என்னிடம் இருப்பது கேனான் ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆர். அதில் பெரும்பாலும் மாட்டியிருப்பது ஏழு ஆண்டுகளாக உழைத்துவரும் 24-105 எஃப்/4 ஜூம் லென்ஸ். சென்ற மாதம் உவரிக் கடற்கரையில் ஒரு ஜோடிக்கு வெளிப்புறப் படங்கள் எடுத்தேன். அன்று காற்று பலமாக வீசியதால் கேமரா முழுவதும் உப்புப் பிசுபிசுப்பு ஏறிவிட்டது. இரவே துடைத்து வைத்தேன்.

நான்கு நாள் கழித்து அதே ஜோடியின் முகூர்த்தத்தில் தொல்லை தொடங்கியது. தாலி கட்டும் நேரத்தில், கெட்டிமேளத்துக்கு நடுவே, மேடைக்குக் கீழே நின்று 105-இல் எஃப்/4 வைத்து எடுத்த நாற்பது படங்களும் பழுதில்லாமல் விழுந்தன. அதன்பின் தாய்மாமன் வீட்டார் பதினேழு பேர் இரண்டு வரிசையாக நிற்க, ஃபிளாஷ் போட்டு, 28-இல் எஃப்/8 வைத்து அழுத்தியதும் கேமரா அப்படியே நின்றுவிட்டது. கேமராவுக்கும் லென்ஸுக்கும் இடையே தொடர்பு சரியில்லை, லென்ஸின் தொடுமுனைகளைத் துடைக்கவும் என்று திரையில் ஒரு செய்தி வந்தது. பேட்டரியைக் கழற்றி மாட்டினால் உயிர் வரும். அடுத்த குழுப் படத்தில் மறுபடியும் நிற்கும். "என்னடே, கேமரா தூங்கிட்டா?" என்று பெண்ணின் சித்தப்பா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

உப்புதான் காரணம் என்று எண்ணித் தொடுமுனைகளைப் பத்து முறையாவது துடைத்திருப்பேன். பழுது பார்க்கும் கடை ஒன்றில் கேமராவின் போர்டையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். லென்ஸின் மேல் சந்தேகப்படுவதா, கேமராவின் மேல் சந்தேகப்படுவதா என்று தெரியவில்லை. வரும் வாரம் வீரவநல்லூரில் ஒரு கல்யாணம் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

அம்பைவாசி:

தம்பி, எனக்கும் இதே செய்தி வந்திருக்கிறது. பென்சில் அழிக்கும் ரப்பரால் லென்ஸின் பின்புறப் புள்ளிகளை நன்றாகத் தேய்த்தேன், அன்றோடு சரியாகிவிட்டது. ஆற்றங்கரை ஈரம் எங்கள் ஊரில் எதையும் விட்டுவைப்பதில்லை. போர்டை மாற்றுவதற்கு முன் அதைச் செய்து பாருங்கள்.

தென்காசி லென்ஸ் பட்டறை:

அண்ணாச்சி சொன்ன ரப்பர் வைத்தியம் சில நேரம் பலிக்கும், ஆனால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. அந்தப் புள்ளிகளின் மேல் இருப்பது மெல்லிய தங்கப்பூச்சு. ரப்பரில் கலந்திருக்கும் பொடி அதைச் சிறிது சிறிதாகச் சுரண்டிவிடும். உதிரும் துணுக்குகள் கேமராவுக்குள் போய்விட்டால் அது தனிச் செலவு. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் ஈரம் தெரிகிற அளவுக்கு மட்டும் தொட்டு ஒருமுறை துடைத்தால் போதும். கேமராப் பக்கத்தில் இருக்கும் பின்கள் ஸ்பிரிங் வைத்தவை. ஒவ்வொன்றையும் நுனி விரலால் தொடாமல் பார்வையாலேயே சரிபார்த்து, எதுவும் உள்ளே அமுங்கிக் கிடக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

ஆனால் தம்பி, உங்கள் விவரத்தைப் படித்தவரை உப்புக்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தொடுமுனையில் அழுக்கு இருந்தால் அது தாலி கட்டும்போது ஒரு மாதிரியும் குழுப் படத்துக்கு ஒரு மாதிரியும் நடந்துகொள்ளாது. உண்மையிலேயே தொடர்பு அறுந்திருந்தால் உங்கள் வகைக் கேமராவில் அப்பெர்ச்சர் (லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துளை) எண் இருக்க வேண்டிய இடத்தில் 00 என்று காட்டும், ஆட்டோஃபோகஸும் வேலை செய்யாது. எஃப்/8 என்று சரியாகக் காட்டி, ஃபோகஸும் பிடித்து, அழுத்திய பிறகுதான் நிற்கிறது என்றால் லென்ஸும் கேமராவும் அதுவரை பேசிக்கொண்டுதான் இருந்திருக்கின்றன. நீங்கள் சொன்ன இரண்டு சூழலுக்கும் இடையே உள்ள வேறுபாடுகளில் என் கண்ணில் முதலில் பட்டது அப்பெர்ச்சர்: ஒன்றில் எஃப்/4, அதாவது இந்த லென்ஸின் முழுத் திறப்பு; மற்றதில் எஃப்/8, அதாவது சுருங்கிய துளை.

மூன்று சோதனைகள் செய்து எழுதுங்கள். முதலில் வேறொரு லென்ஸை அதே கேமராவில் மாட்டி எஃப்/8-இல் பத்துப் படம் எடுங்கள். பிறகு உங்கள் லென்ஸை மாட்டி எஃப்/4-இல் 24 முதல் 105 வரை ஒவ்வொரு நிலையிலும் எடுங்கள். கடைசியாக எஃப்/8 வைத்து, மவுண்ட்டுக்கு (லென்ஸைப் பூட்டும் வளையத்துக்கு) அருகில் இருக்கும் புல ஆழம் பார்க்கும் பட்டனை அழுத்தியபடி, டார்ச் அடித்து லென்ஸின் முன்பக்கமாக உள்ளே பாருங்கள். அப்பெர்ச்சரின் இதழ்கள் சுருங்கி நடுவில் சிறு துளை தெரிய வேண்டும். ஜூமை மாற்றி மாற்றி இதைச் செய்ய வேண்டும் என்பது முக்கியம்.

கூந்தன்குளம் பறவை:

பட்டறைக்காரர் சொல்வதை முதலில் செய்யுங்கள். இன்னொன்றையும் பார்த்துவிடலாம். கூந்தன்குளத்தில் வரித்தலை வாத்துகளுக்காகப் பெரிய லென்ஸை மாட்டி மணிக்கணக்கில் காத்திருக்கும் எனக்கு இதே செய்தி வந்தபோது, லென்ஸின் பின்புற வளையத்தில் உள்ள ஸ்க்ரூக்கள் தளர்ந்திருந்தன. மாட்டிய லென்ஸைப் பிடித்து லேசாக அசைத்தால் ஆட்டம் தெரியும். அந்த ஸ்க்ரூத் தலைகள் பெரும்பாலும் ஜப்பானிய அளவில் இருக்கும். கடைத்தெருவில் கிடைக்கும் சாதாரண ஸ்டார் திருப்புளி தலையை மழுக்கிவிடும். நைக்கான் வைத்திருக்கும் நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், திரையில் எஃப்இஇ என்று வருவது பழுதே அல்ல. லென்ஸின் அப்பெர்ச்சர் வளையத்தை மிகப் பெரிய எண்ணில் வைத்துப் பூட்டினால் போய்விடும்.

பாளைப் படக்காரர்:

மூன்றையும் நேற்றிரவு செய்தேன். 50 எம்எம் லென்ஸ் எஃப்/8-இல் ஒருமுறைகூட நிற்கவில்லை. என் 24-105 எஃப்/4-இல் எல்லா நிலையிலும் எடுக்கிறது. எஃப்/8 வைத்தால் 70-க்கு மேல் இதழ்கள் அழகாகச் சுருங்கி விரிகின்றன. 50-இலிருந்து கீழே வரவர ஒரு முறை சுருங்குகிறது, மறு முறை அசையாமல் நிற்கிறது. 35-க்குக் கீழே அசைவே இல்லை, உடனே அதே செய்தி வருகிறது. லென்ஸில் ஆட்டம் எதுவும் இல்லை.

தென்காசி லென்ஸ் பட்டறை:

அப்படியானால் உங்கள் கேமராவின் போர்டு நல்ல நிலையில்தான் இருக்கிறது; அதை மாற்ற வேண்டாம். 1987-இல் கேனான் தன் இஎஃப் மவுண்ட்டைக் கொண்டுவந்தபோது, கேமராவிலிருந்து நெம்புகோல் வைத்து அப்பெர்ச்சரை இழுக்கும் பழைய முறையைக் கைவிட்டு, இதழ்களை இயக்கும் சிறு மோட்டாரை லென்ஸுக்குள்ளேயே வைத்து, மின் கட்டளையால் மட்டும் அதை ஓட்டியது. இன்றைய மவுண்ட்டுகள் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவை. அந்த மோட்டாருக்கு மின்சாரம் கொண்டுபோவது ஃப்ளெக்ஸ் கேபிள் என்கிற மெல்லிய பட்டை. ஜூமைத் திருப்பும்போதெல்லாம் அது மடங்கி நிமிர்கிறது. ஏழு ஆண்டுக் கல்யாணங்களில் எத்தனை முறை திருப்பியிருப்பீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். மடிப்பில் செம்புக் கோடு விரிசல் விட்டால், ஒரு நிலையில் தொட்டுக்கொண்டும் இன்னொரு நிலையில் விலகியும் இருக்கும். சில லென்ஸ்களில் அகல முனையிலும் சிலவற்றில் நீள முனையிலும் இது தலைகாட்டும். அழுத்துவதற்கு முன் கேமராவின் வழியே பார்க்கும் நேரம் முழுவதும் இதழ்கள் திறந்தே இருப்பதால் விரிசல் வெளியே தெரியாது. அழுத்தும் கணத்தில் கேமரா சுருங்கு என்று கட்டளையிட, லென்ஸிலிருந்து பதில் வராததால், அதற்குத் தெரிந்த ஒரே பெயரில் தொடர்புக் கோளாறு என்று அது புகார் எழுதிவிடுகிறது.

அப்பெர்ச்சர் தொகுதியைக் கேபிளோடு மாற்ற வேண்டும். வீட்டில் பிரிக்காதீர்கள்; கண்ணாடிகளின் நடுமை தவறினால் படத்தின் ஒரு மூலை மங்கிவிடும்.

வீரவநல்லூர்க் கல்யாணத்துக்கு எஃப்/4-ஐ விட்டு நகராமல் எடுங்கள். இதழ்களை அசைக்காதவரை கேமரா நிற்காது. குழுப் படத்துக்கு எஃப்/8 வேண்டும் என்று நாம் பழகிவிட்டோமே தவிர, 35-இல் எஃப்/4 வைத்து ஐந்து மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தால், ஃபுல் ஃபிரேமில் ஏறத்தாழ 3.4 மீட்டரிலிருந்து 9.8 மீட்டர் வரை தெளிவு கிடைக்கும். இரண்டு வரிசைக்கு அது தாராளம். முன்வரிசையில் ஃபோகஸ் வையுங்கள். ஃபிளாஷுக்கும் எஃப்/8-இல் செலவாகும் வெளிச்சத்தில் கால் பங்கு போதும்.

பாளைப் படக்காரர்:

அண்ணாச்சி, வீரவநல்லூர் முடிந்தது; காலையிலிருந்து பந்தி வரைக்கும் எஃப்/4 மட்டுமே, கேமரா ஒருமுறைகூட நிற்கவில்லை. திங்கட்கிழமை பஸ் ஏறித் தென்காசிக்கு லென்ஸைக் கொண்டுவருகிறேன். மணமகன் வீட்டார் மூன்று வரிசையாக நின்ற படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். கடைசி வரிசையில் நின்ற தாத்தாவின் நெற்றியில் இருந்த விபூதிக் கோடு மூன்றும் தனித்தனியாகத் தெரிகின்றன.