வீடு வாங்கும் முன் தண்ணீரை ஓடவிட்டுப் பாருங்கள்: எங்கள் அனுபவங்கள்

இப்போது நாங்கள் இருக்கும் வீட்டை வாங்கும் முன் மூன்று முறை போய்ப் பார்த்தோம். வெளிச்சம், காற்று, அறைகளின் நீள அகலம், அலமாரி எல்லாம் பார்த்தோம். சமையலறைக் குழாயைத் திறந்து கையை நனைத்தேன். தண்ணீர் வந்தது, மூடிவிட்டேன். பிளம்பிங்கைப் பொறுத்தவரை நான் பார்த்தது அவ்வளவுதான்.

குடிவந்த நான்காம் மாதம் படுக்கையறைச் சுவரில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்கு பெயிண்ட் உப்பிக்கொண்டு வந்தது. சுரண்டினால் வெள்ளையாக உப்புப் பொடி. சுவரின் மறுபக்கம் குளியலறை. டைல்ஸை உடைத்துப் பார்த்தால் ஷவருக்கு ஏறும் பைப்பின் எல்போவில் (பைப் வளையும் இணைப்பில்) ஊசிமுனை அளவு கசிவு. அது புதிதாக வந்ததல்ல, செங்கல் உள்வரைக்கும் ஊறிப் போயிருந்தது. யோசித்துப் பார்த்தால், நாங்கள் வீடு பார்க்க வந்தபோது அந்த ஒரு சுவருக்கு மட்டும்தான் பெயிண்ட் புதிதாக இருந்தது. என் மனைவி அதைச் சொன்னாள். நான்தான் காதில் வாங்கவில்லை.

இப்போது என் தம்பி ஒரு பழைய வீட்டைப் பார்த்து வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போகிறேன். உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருந்தால், எதைப் பார்த்தீர்கள், எதை விட்டீர்கள் என்று எழுதுங்கள். அவனாவது என்னைப் போல மாட்டக்கூடாது.

* * *

22 வருடமாக பிளம்பிங் வேலை செய்கிறேன். வீடு வாங்கும் முன் என்னைக் கூப்பிட்டவர்களை விரல்விட்டு எண்ணலாம், வாங்கிய பிறகு கூப்பிட்டவர்கள்தான் அதிகம். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு குழாயை மட்டும் திறந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். சிங்க் குழாயில் தண்ணீர் கொட்டியது, வாங்க வந்தவருக்கு ரொம்பத் திருப்தி. சிங்க்கை மூடாமல் மேலே போய் ஷவரைத் திறக்கச் சொன்னேன், இன்னொருவரை ஃப்ளஷை அழுத்தச் சொன்னேன். சிங்க்கில் தண்ணீர் நூலாகிவிட்டது. அது பழைய ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு பைப் போட்ட வீடு. துத்தநாகப் பூச்சு தேய்ந்ததும் இரும்பு உள்ளிருந்து துருப்பிடித்து, துரு கட்டி கட்டியாகப் படிந்து வழி குறுகிவிடும். பிறகு மாற்றும்போது ஒரு துண்டை அறுத்துக் காட்டினேன். வெளியே முழு பைப், உள்ளே ஒரு பென்சில் நுழையும் அளவுதான் ஓட்டை. இந்த மாதிரி வீட்டில் காலையில் முதலில் வரும் தண்ணீர் செம்பட்டையாக இருக்கும். அதனால் வீட்டுக்காரர் குழாயைத் திறந்து காட்டும் முன் நீங்களே திறங்கள், வெள்ளைக் கப்பில் பிடித்துப் பாருங்கள்.

பைப் என்ன வகை என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. ஒரு காந்தம் கொண்டுபோங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல், சாம்பல் நிறத்தில், சாவியால் கீறினால் மெத்தென்று கீறல் விழுந்து பளபளத்தால் அது ஈயம். மிகப் பழைய வீடுகளில் இன்னும் இருக்கிறது. ஈயம் குடிநீரில் கலந்தால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும், அதை மாற்றாமல் குடியேறவே கூடாது. செம்பையும் இரும்பையும் நேராக இணைத்திருந்தால் அந்த இடத்தில் இரும்பு சீக்கிரம் அரிக்கும். சுடுநீர் லைனில் சாதாரண பிவிசி போட்டிருந்தால் சூட்டில் தளர்ந்து வளையும், அங்கே சூடு தாங்கும் பிளாஸ்டிக்கான சிபிவிசிதான் வேண்டும்.

மறைந்த கசிவுக்கு என் வழி இதுதான். எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். ஒரு மணி நேரம் யாரும் தண்ணீர் தொடாமல் இருந்தும் முள் நகர்ந்தால் எங்கோ ஓடுகிறது. மேலே டேங்க் இருக்கும் வீடு என்றால், டேங்க்குக்கு வரும் லைனை அடைத்துவிட்டு, உள்சுவரில் தண்ணீர் மட்டத்தில் பேனாவால் கோடு போட்டு, மறுநாள் காலையில் பாருங்கள். நொடிக்கு ஒரு சொட்டு என்றாலே ஒரு நாளைக்குப் பல லிட்டர் போய்விடும். அதெல்லாம் சுவருக்குள் போனால் என்ன ஆகும் என்று இந்த நண்பர் ஏற்கெனவே எழுதியிருக்கிறார்.

அப்புறம் மெயின் வால்வு, வீடு முழுக்கத் தண்ணீரை நிறுத்துவது. அது எங்கே இருக்கிறது என்று கேட்டு, உங்கள் கையாலேயே மூடிப் பாருங்கள். பல வருடம் தொடாத கேட் வால்வு இறுகிப் போயிருக்கும், அல்லது கைப்பிடி சுற்றும், தண்ணீர் நிற்காது. பைப் வெடிக்கும் ராத்திரியில் அதைக் கண்டுபிடித்து லாபமில்லை.

* * *

அண்ணா சொன்ன மீட்டர் சோதனையோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் முள் நகர்ந்தது, சுவரில் ஓதம் எங்கும் இல்லை. கடைசியில் பார்த்தால் ஃப்ளஷ் டேங்க். அதில் கொஞ்சம் சாப்பாட்டுக் கலர் கலந்துவிட்டு, ஃப்ளஷ் பண்ணாமல் 20 நிமிடம் காத்திருந்தோம். கலர் கீழே கோப்பைக்குள் இறங்கியிருந்தது. உள்ளே இருக்கும் ரப்பர் மூடி மாற்றினால் சரி, பெரிய வேலையில்லை. ஆனால் அது தெரியாமல் சுவரை உடைக்கப் பார்த்தோம்.

* * *

எனக்கு நடந்தது நாற்றம் சம்பந்தப்பட்டது. பார்த்த வீடு பல மாதம் பூட்டிக் கிடந்தது. இரண்டு குளியலறையிலும் சாக்கடை வாடை. 'பூட்டியிருந்ததால்தான், திறந்து வைத்தால் போய்விடும்' என்றார்கள்.

ஒரு குளியலறையைப் பொறுத்தவரை அது உண்மைதான். தரை ஜாலிக்கும் பேசினுக்கும் கீழே வளைந்த ட்ராப் இருக்கிறதல்லவா, அதில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றை மேலே வரவிடாமல் தடுக்கிறது. பல மாதம் பயன்படுத்தாவிட்டால் அந்தத் தண்ணீர் வற்றிவிடும். ஒரு வாளி ஊற்றினேன், மறுநாள் வாடை இல்லை.

இன்னொன்றில் ஊற்றினால் அன்றைக்குப் போகும், ஃப்ளஷ் பண்ணினால் திரும்பி வரும். ஃப்ளஷ் பண்ணும்போது பேசினில் குளுக் குளுக் என்று சத்தம். மாடிக்குப் போய்ப் பார்த்தபோது வெண்ட் பைப், அதாவது சாக்கடை லைனுக்குக் காற்று விடும் பைப், இருக்க வேண்டிய இடத்தில் சிமெண்ட் பூசி அடைத்திருந்தார்கள். காற்று உள்ளே வர வழியில்லாததால் ஒவ்வொரு ஃப்ளஷுக்கும் ட்ராப்பில் இருந்த தண்ணீரை அது உறிஞ்சி இழுத்துவிடுகிறது. ஒரே வாடை, இரண்டு காரணம். 'திறந்து வைத்தால் போய்விடும்' என்று நானும் நம்பியிருந்தால் இரண்டாவது தெரிந்தே இருக்காது.

* * *

எல்லோரும் தண்ணீர் வருவதைப் பற்றிச் சொல்கிறீர்கள். எங்களைக் கவிழ்த்தது தண்ணீர் போவது. பார்க்கப் போன அன்று பேசினில் குழாயைத் திறந்தோம், நன்றாக வடிந்தது. குடிவந்து எட்டு பேர் ஒரே காலையில் குளித்ததும் தரை ஜாலி வழியாகத் தண்ணீர் மேலே ஏறியது. வெளியே மரத்தின் வேர் மண் குழாய் இணைப்பில் புகுந்து வலை மாதிரி பின்னியிருந்தது. கேமரா விட்டுப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. பேசினை அடைத்து விளிம்புவரை நிரப்பி, ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். கூடவே ஃப்ளஷும் பண்ணுங்கள். வெளியே கழிவுநீர்க் குழாய்கள் சேரும் சேம்பர் தொட்டியின் மூடியைத் திறந்து ஒருவர் நிற்கட்டும். தண்ணீர் தடையில்லாமல் ஓடுகிறதா, தேங்கி மெல்ல நகர்கிறதா என்று பார்த்தாலே புரியும்.

* * *

அடுக்குமாடியில் வாங்குகிறவர்களுக்கு: கீழ் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். நாங்கள் தட்டினோம். அந்த அம்மா எங்களை உள்ளே கூட்டிப்போய்த் தன் குளியலறைக் கூரையைக் காட்டினார். மஞ்சள் வட்டங்கள், ஓரத்தில் கம்பி தெரிய காரை பெயர்ந்திருந்தது. இரண்டு வருடமாக மேலே சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாராம். அந்த வீட்டை நாங்கள் வாங்கவில்லை. பிறகு வாங்கிய வீட்டில் உரிமையாளரின் சம்மதத்தோடு குளியலறை வடிகாலை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் தேக்கி, 24 மணி நேரம் கழித்துக் கீழே போய்ப் பார்த்தோம். சம்மதிக்கத் தயங்குகிற உரிமையாளர் என்றால் எனக்குச் சந்தேகம் வரும்.

* * *

தம்பியோடு போய் வந்தேன். எல்லோருக்கும் நன்றி, நீங்கள் எழுதியதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டுதான் போனேன்.

பைப் முழுக்க சிபிவிசி, காந்தம் ஒட்டவில்லை. மூன்று இடத்தில் ஒரே சமயம் திறந்தும் வேகம் பெரிதாகக் குறையவில்லை. சேம்பரில் ஓட்டம் நன்றாக இருந்தது. மெயின் வால்வு அசையவே இல்லை, இரண்டு பேர் முயன்றும். விற்பவர் தானே மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டார், நல்ல மனிதர்.

வீடு காலியாக இருப்பதால் டேங்க்கில் கோடு போட்டுவிட்டு வந்தோம். இன்று காலை ஏறிப் பார்த்தால் தண்ணீர் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே. தம்பி முகம் வாடிவிட்டது. உடனே சகோதரி சொன்ன கலர் வேலையைச் செய்தோம், மேல்மாடி ஃப்ளஷில் பத்து நிமிடத்திலேயே கலர் இறங்கியது. ரப்பர் மாற்றியாகிவிட்டது. டேங்க்கை நிரப்பி, லைனை அடைத்து, புதுக் கோடு போட்டிருக்கிறோம். நாளைக் காலை பார்த்துவிட்டு எழுதுகிறேன். அதுவரை கையெழுத்துப் போட வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.