4கே வீடியோ திக்கித் திணறுகிறது, புது கம்ப்யூட்டருக்கு இந்தப் பட்டியல் சரியா?

கத்தரிக்கோல்:

வணக்கம். குறும்படம், ஆவணப்படம் என்று சின்னச் சின்ன வேலைகள் செய்கிறேன். எடிட்டிங், கலர் இரண்டும் டாவின்சி ரிசால்வ் ஸ்டுடியோவில். டைட்டிலுக்காகக் கொஞ்சம் பிளெண்டர். பின்னணிக் குரலையும் இதே அறையில் நானே பதிவு செய்துகொள்கிறேன்.

இப்போது இருப்பது ரைசன் 5 3600, 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர், ஒரு சாட்டா எஸ்எஸ்டி. பழைய கேமரா இருந்தவரை ஒரு குறையும் இல்லை. புது கேமரா வந்ததிலிருந்து ப்ளே அழுத்தினால் படம் ஒரு நொடி ஓடும், அரை நொடி நிற்கும். குரல் மட்டும் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். உதட்டசைவைப் பார்த்து கட் வைக்கவே முடியவில்லை.

வாங்க நினைத்திருப்பது: ரைசன் 9 9950எக்ஸ்3டி, 16 ஜிபி ரேம் நான்கு, பிசிஐஇ 5 எஸ்எஸ்டி 2 டிபி, 750 வாட் பவர் சப்ளை. கிராபிக்ஸ் கார்டுக்கு ஆர்டிஎக்ஸ் 4070 சூப்பர், தெரிந்தவர் ஒருவர் பயன்படுத்தியது, நல்ல விலைக்குத் தருகிறார். பட்ஜெட்டில் பெரும்பங்கு ப்ராசசருக்கே போகிறது. சரிதானா?

வேகவண்டி:

தாராளமாக வாங்குங்கள். 16 கோர். பறக்கும்.

ஃப்ரேம்பித்தன்:

கொஞ்சம் பொறுங்கள். எது திணறுகிறது என்று தெரியாமல் பட்டியல் போட்டால், காசு ஒரு பக்கம் போகும், வலி இன்னொரு பக்கம் அப்படியே இருக்கும். இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்.

ஒன்று, கேமரா கோப்பு ஒன்றை மீடியாஇன்ஃபோவில் (வீடியோ கோப்பின் விவரங்களைக் காட்டும் மென்பொருள்) திறந்து, கோடெக் (சுருக்கும் முறை), பிட் டெப்த் (நிற நுணுக்கம்), குரோமா சப்சாம்ப்ளிங் (நிறத் தகவலைக் குறைத்து வைக்கும் விதம்), பிட்ரேட் (நொடிக்கு எவ்வளவு தரவு) நான்கையும் எழுதுங்கள். இரண்டு, எஃபெக்ட், கலர் எதுவும் போடாத வெறும் கிளிப்பை டைம்லைனில் ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைப் பாருங்கள். ஜிபியுவில் 3டி என்ற கட்டத்தை விடுங்கள், வீடியோ டிகோட் என்று தனியாக ஒரு கட்டம் இருக்கும். அதில் என்ன காட்டுகிறது? சிபியு எவ்வளவு? டிஸ்க் எவ்வளவு?

கத்தரிக்கோல்:

பார்த்தேன் அண்ணா. ஹெச்இவிசி (ஹெச்.265), 10 பிட், 4:2:2, பிட்ரேட் 200 எம்பிபிஎஸ் சொச்சம்.

ஓடும்போது சிபியு 100ஐத் தொட்டு நிற்கிறது. டிஸ்க் 5 சதவீதத்துக்கு மேல் போகவில்லை. வீடியோ டிகோட் சுத்தமாக 0. கார்டு பழுதா?

ஃப்ரேம்பித்தன்:

கார்டு நன்றாகத்தான் இருக்கிறது. அதற்கு இந்தக் கோப்பைப் பிரிக்க, அதாவது டிகோட் செய்ய, தெரியாது, அவ்வளவுதான். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், மொத்தப் பட்டியலும் இந்த ஒரு இடத்தில்தான் மாறப்போகிறது.

ஹெச்இவிசி கோப்பில் ஒவ்வொரு ஃப்ரேமும் முழுப் படமாக இருப்பதில்லை. ஒரு முழுப் படம், அதற்கடுத்து 'முந்தையதிலிருந்து இவ்வளவுதான் மாறியது' என்கிற குறிப்புகள். நடுவில் ஒரு ஃப்ரேமில் நீங்கள் கத்தரி வைத்தால், மென்பொருள் பின்னால் போய் முழுப் படத்தைத் தேடி, அங்கிருந்து ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டு வர வேண்டும். இந்த வேலைக்கென்றே கிராபிக்ஸ் சிப்புக்குள் தனிச் சுற்று ஒன்று உண்டு. ஆனால் அது எல்லா வகைக் கோப்பையும் தொடாது.

4:2:0 என்றால் நான்கு பிக்சல் சேர்ந்து ஒரு நிறத் தகவலைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. 4:2:2 என்றால் பக்கத்துப் பக்கத்து இரண்டு. உங்கள் பழைய கேமரா அநேகமாக முதல் வகை, புதியது இரண்டாவது. என்விடியா ஆர்டிஎக்ஸ் 50 வரிசை 2025இல் வந்த பிறகுதான் அவர்களுடைய கார்டுகள் 4:2:2வைப் பிரிக்கக் கற்றுக்கொண்டன. உங்கள் 1660 சூப்பருக்குத் தெரியாது, 4070 சூப்பருக்கும் தெரியாது. வேடிக்கை என்னவென்றால், இதைவிடக் கனமான 4:4:4 ஹெச்இவிசியை 1660 சூப்பர்கூடப் பிரிக்கும். நடுவில் இருக்கும் 4:2:2வை மட்டும் பல வருடம் விட்டுவைத்தார்கள்.

9950எக்ஸ்3டிக்குள் இருக்கும் குட்டி கிராபிக்ஸுக்கும் அது தெரியாது. ஆக, உங்கள் பட்டியலில் இந்தக் கோப்பைப் பிரிக்கும் சுற்று ஒரு இடத்திலும் இல்லை. 16 கோரும் முக்கி முனகி ஒரு கிளிப்பை ஓட்டிவிடும். மூன்று கேமராக் காட்சிகளையும் ஒரே நேரத்தில் ஓட்டும் மல்டிகேம் போட்டால் மறுபடி இதே கேள்வியோடு வருவீர்கள்.

வழி இரண்டு. இன்டெல் பக்கம் போனால் ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் குவிக் சிங்க் 10 பிட் 4:2:2 ஹெச்இவிசியைப் பிரித்துவிடும். பெயர் எஃப் என்று முடியும் மாடலை மட்டும் வாங்கிவிடாதீர்கள், அதில் உள் கிராபிக்ஸே வேலை செய்யாது. அல்லது ஏஎம்டி ப்ராசசரோடு ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில் ஒரு கார்டு. என் ஓட்டு இரண்டாவதற்கு. உங்கள் கேமராவில் ஹெச்.264இல் 10 பிட் 4:2:2 எடுக்கும் வசதியும் இருக்கக்கூடும், அந்தக் கோப்பு வந்தால் இன்டெல் 12 முதல் 14ஆம் தலைமுறை வரை கைவிரித்துவிடும். 50 வரிசை இரண்டையும் பிரிக்கும். ரிசால்வையும் டிரைவரையும் புதிய பதிப்புக்கு மாற்ற வேண்டும், அது கட்டாயம்.

எக்ஸ்3டியின் கூடுதல் கேஷ் (ப்ராசசருக்குள் இருக்கும் வேக நினைவகம்) விளையாட்டுக்குத்தான் உதவும். எடிட்டிங்கில் அதற்கென்று பெரிய பலன் இல்லை. 9900எக்ஸ், 12 கோர், போதும். மிச்சமாகும் பணத்தை கார்டில் போடுங்கள்.

சிக்கனம்:

எல்லோரும் வாங்கு வாங்கு என்கிறீர்கள். ப்ராக்ஸி என்று ஒன்று இருக்கிறதே? இரவு படுக்கும்முன் கிளிப்புகளைப் பாதி ரெசல்யூஷனில் ப்ரோரெஸ் அல்லது டிஎன்எக்ஸ்ஹெச்ஆராக மாற்றப் போட்டுவிட்டால், காலையில் இதே பழைய கம்ப்யூட்டரில் வெண்ணெய் மாதிரி ஓடும். அவற்றில் ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்தனி, பின்னால் போய்த் தேடும் வேலையே கிடையாது. ஏற்றுமதியின்போது மூலக் கோப்புக்கு மாற்றிக்கொள்ளலாம். செலவு கொஞ்சம் டிஸ்க் இடம், ஒரு தூக்கம்.

ஃப்ரேம்பித்தன்:

ஒத்துக்கொள்கிறேன், இன்றைக்கே செய்ய வேண்டியது அதுதான். ஆனால் அவர் பிளெண்டரும் ஓட்டுகிறார். பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டருக்கு 1660 சூப்பரின் 6 ஜிபி போதாது. கம்ப்யூட்டர் எப்படியும் மாறத்தான் வேண்டும், மாறும்போது சரியாக மாறட்டும்.

கத்தரிக்கோல்:

ப்ராக்ஸி போட்டுப் பார்த்தேன், கையிலிருக்கும் வேலை நகர ஆரம்பித்துவிட்டது. நன்றி சிக்கனம். 4070 சூப்பரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆர்டிஎக்ஸ் 5070 12 ஜிபியா, 5070 டிஐ 16 ஜிபியா? ரேம், எஸ்எஸ்டி பற்றி யாரும் சொல்லவில்லையே.

திருப்புளி:

நான் சொல்கிறேன், கழற்றி மாட்டுவதுதான் என் பொழுதுபோக்கு.

ரேம் நான்கு குச்சி வேண்டாம். டிடிஆர்5 இரண்டு குச்சியில் ஓடும் வேகத்தில் நான்கில் ஓடாது. ரைசன் 9000க்கு ஏஎம்டி சொல்லும் கணக்கே இரண்டுக்கு 5600 எம்டி/எஸ் வேகம், நான்குக்கு 3600. 64 ஜிபி வேண்டுமானால் 32 ஜிபி இரண்டாக, ஒரே பெட்டியில் வரும் ஜோடியாக வாங்குங்கள். 'இப்போது இரண்டு 16, பிறகு இன்னும் இரண்டு' என்ற திட்டம் டிடிஆர்4 காலத்தோடு போயிற்று.

எஸ்எஸ்டிக்கு ஒரு சின்னக் கணக்கு. 200 எம்பிபிஎஸ் என்பது மெகாபிட். எட்டால் வகுத்தால் நொடிக்கு 25 மெகாபைட். இப்போது இருக்கும் சாட்டா எஸ்எஸ்டியே நொடிக்கு 500க்கு மேல் தரும். உங்கள் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 5 சதவீதத்தில் தூங்கியது அதனால்தான். பிசிஐஇ 5 எஸ்எஸ்டி இங்கே வெறும் சூடு. அந்தக் காசுக்குப் பிசிஐஇ 4இல் இரண்டாக வாங்கி, ஒன்றில் விண்டோஸும் மென்பொருளும், மற்றதில் நடக்கும் வேலையும் கேஷும் (ரிசால்வின் தற்காலிகக் கோப்புகள்) வையுங்கள். க்யூஎல்சி (ஒரு செல்லில் நான்கு பிட் அடைக்கும் மலிவு எஸ்எஸ்டி) வகையை மட்டும் தவிர்க்கவும். கேமராவின் பெரிய மெமரி கார்டைக் காப்பி செய்யும்போது முதலில் பாய்ச்சலாகப் போய், எஸ்எஸ்டியின் உள் கேஷ் நிரம்பியதும் கட்டைவண்டி ஆகிவிடும். முடிந்த வேலைகளுக்குப் பெரிய ஹார்ட் டிஸ்க், அதற்கு வேறு இடத்தில் ஒரு நகல்.

மதர்போர்டு கையேட்டில் எம்.2 (எஸ்எஸ்டி சொருகும் இடம்) பகுதியைத் தேடிப் படியுங்கள். சில போர்டுகளில் ஒரு குறிப்பிட்ட எம்.2 இடத்தில் எஸ்எஸ்டியைச் சொருகினால் கிராபிக்ஸ் கார்டின் 16 லேன் (தரவுப் பாதை) 8 ஆகிவிடும். இன்னும் சிலவற்றில் சாட்டா போர்ட்டுகள் செத்துவிடும். பெட்டியின் மேல் இதைப் போட மாட்டார்கள்.

கார்டு 16 ஜிபியே வாங்குங்கள். ரிசால்வில் படத்தின் புள்ளி இரைச்சலைக் குறைக்கும் டெம்பொரல் நாய்ஸ் ரிடக்‌ஷனும் ஆளைத் தானாகப் பிரித்தெடுக்கும் மேஜிக் மாஸ்க்கும் ஒன்றாகப் போட்டால் கார்டு மெமரி எப்படிக் கரைகிறது என்று பார்ப்பீர்கள். 5070 டிஐ 300 வாட் கார்டு, என்விடியா சொல்வது 750 வாட் சப்ளை. நான் 850 போடுவேன். லோடு குறைவாக இருந்தால் அதன் விசிறி சத்தம் போடாது, உங்களுக்கு மைக் வேறு இருக்கிறது. 12 வோல்ட் கேபிளை கார்டில் கடைசிவரை அழுத்திச் சொருகுங்கள், வெளியே இடுக்கு தெரியக் கூடாது.

வேகவண்டி:

ஆர்ஜிபி விளக்கு பற்றி யாரும் பேசவில்லை.

திருப்புளி:

பேசப்போவதும் இல்லை. ராத்திரி கலர் பார்க்கும்போது சுவரில் ஊதா வெளிச்சம் விழுந்தால் தோல் நிறம் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

கத்தரிக்கோல்:

எல்லாம் வந்து மாட்டிவிட்டேன். 9900எக்ஸ், 32 ஜிபி ரேம் இரண்டு, 5070 டிஐ, பிசிஐஇ 4 எஸ்எஸ்டி இரண்டு, 850 வாட். ஸ்விட்ச் போட்டால் விசிறி சுற்றுகிறது, திரை கருப்பு. மூன்று முறை அணைத்து அணைத்துப் போட்டுவிட்டேன். கை நடுங்குகிறது. எதையாவது எரித்துவிட்டேனா?

திருப்புளி:

அணைப்பதை நிறுத்துங்கள் தம்பி! முதல் முறை டிடிஆர்5 ரேமோடு போர்டு தன்னைப் பழக்கிக்கொள்ளும். ஜிபி கூடக்கூட நேரமும் கூடும், பல நிமிடம் கருப்பாகவே இருக்கும். நீங்கள் அணைக்கும்போதெல்லாம் அது முதலிலிருந்து தொடங்குகிறது. போர்டு ஓரத்தில் டிராம் என்று எழுதிய குட்டி விளக்கு எரிகிறதா? எரிந்தால் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

கத்தரிக்கோல்:

எரிந்தது. குடித்தேன். வந்து பார்த்தால் பயாஸ் (போர்டின் அடிப்படை அமைப்புகள்) திரை நிற்கிறது!

விண்டோஸ் போட்டு, எக்ஸ்போ (ரேமை அதன் அறிவித்த வேகத்தில் ஓடவிடும் பயாஸ் அமைப்பு) ஆன் செய்தேன். இன்னொரு கூத்து: மானிட்டர் கேபிளைப் பழக்கதோஷத்தில் மதர்போர்டில் சொருகியிருந்தேன். ப்ராசசரிலேயே கிராபிக்ஸ் இருப்பதால் படம் வந்தது, தெரியவே இல்லை. பின்னால் எட்டிப் பார்த்த பிறகுதான் கார்டுக்கு மாற்றினேன்.

அதே கிளிப்பை, ப்ராக்ஸி இல்லாமல், ஓட்டினேன். சிபியு 10ஐத் தாண்டவில்லை, வீடியோ டிகோட் கட்டம் முதல் முறையாக அசைந்தது. மூன்று கேமரா மல்டிகேமும் ஓடுகிறது. ஃப்ரேம்பித்தன் அண்ணாவுக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

ஒரே ஒரு தொல்லை. சும்மா ஒரு ஃபோல்டரைத் திறந்தாலும் விசிறி உர்ர்ரென்று ஏறி இறங்குகிறது. குரல் பதிவில் அது அலை மாதிரி விழுகிறது.

திருப்புளி:

சின்ன வேலைக்கும் ரைசனின் வெப்பம் ஒரு கணம் எகிறி இறங்கும், விசிறி அதைத் துரத்துகிறது. பயாஸில் ஃபேன் கர்வுக்கு (எந்த வெப்பத்துக்கு விசிறி எவ்வளவு வேகம் என்று காட்டும் கோடு) பக்கத்தில் ஸ்டெப் அப் டைம் என்றோ அதுபோன்ற பெயரிலோ ஒன்று இருக்கும், அதைக் கூட்டுங்கள். 65 டிகிரி வரை கோட்டைத் தட்டையாக வையுங்கள். பதிவின்போது ரிசால்வை மூடிவிடுங்கள். அப்புறம், கேபினெட்டை மேசையிலிருந்து தரைக்கு இறக்கி, மைக்கின் முதுகுப் பக்கம் அது இருக்கும்படி மாற்றுங்கள். கார்டியாய்ட் (முன்பக்கச் சத்தத்தையே அதிகம் பிடிக்கும்) மைக் என்றால் பின்பக்கச் சத்தம் குறைவாகவே விழும்.

கத்தரிக்கோல்:

செய்துவிட்டேன். இப்போது ஹெட்போனில் கேட்பது சுவர்க் கடிகாரம் மட்டும்தான். அதன் பேட்டரியைக் கழற்றிவிட்டேன்.